காலை எட்டு மணி நிலவரம்

மேட்டூர்க்காரர்கள் இருக்கிற வாட்ஸ்அப் குழு எதுவாக இருந்தாலும், காலை ஒன்பது மணிக்குள் அதில் ஒரு சின்னச் செய்தி வந்து விழுந்துவிடும். உறவினர் குழு, பத்தாம் வகுப்பு நண்பர்கள் குழு, ஆலையில் ஒன்றாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் குழு என்று எதுவும் விலக்கில்லை. அணை நிரம்பி நிற்கும் நாளில் அது இப்படி இருக்கும்:

மேட்டூர் அணை, காலை 8 மணி நிலவரம்.
நீர்மட்டம்: 120.00 அடி.
நீர் இருப்பு: 93.47 டி.எம்.சி.

அதன் கீழே நீர்வரத்து, வெளியேற்றம் என்று இரண்டு வரி. விநாடிக்கு எத்தனை கன அடி என்ற கணக்கு. அவ்வளவுதான். வணக்கம் கிடையாது, நலமா என்ற கேள்வி கிடையாது. ஆனால் துபாயில் இருக்கும் மருமகனும், ஓசூரில் இருக்கும் அண்ணனும், சத்தீஸ்கரில் கிணறு தோண்டும் ரிக் வண்டியோடு நிற்கும் தம்பியும் ஒரே காலையில் பார்க்கிற செய்தி எங்கள் ஊரில் இது ஒன்றுதான். கல்யாணப் பத்திரிகைகூட இத்தனை பேரைப் போய்ச் சேர்வதில்லை. இந்த எண் எங்கே பிறக்கிறது, எந்த வழியாகப் போகிறது, யார் கைக்குப் போனால் என்னவாகிறது என்று எழுதிப் பார்க்க வேண்டும் என்பது என் வெகுநாள் ஆசை.

பிறக்கும் இடம் அணை. 1925-இல் வேலை தொடங்கி, 1934 ஆகஸ்ட் 21 அன்று சென்னை மாகாண ஆளுநர் ஜார்ஜ் ஃபிரெடரிக் ஸ்டான்லி திறந்துவைத்த அணை. நீர்த்தேக்கத்துக்கு அவர் பெயர்தான். நீளம் 5,300 அடி, உயரம் 214 அடி. இங்கேதான் வெளியூர் நண்பர்கள் குழம்புவார்கள். 120 அடியிலேயே நிரம்பிவிட்டது என்கிறீர்களே, மீதி என்ன ஆனது என்பார்கள். 214 கட்டிடத்தின் உயரம். 120 என்பது அது தேக்கும் தண்ணீரின் உயரம். மேட்டூரில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கும் இது தெரியும்.

அடியும் டி.எம்.சி.யும் ஒன்றாக ஏறுவதில்லை என்பதும் தெரியும். ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி. அணை 100 அடியைத் தொடும்போது உள்ளே ஏறக்குறைய 65 டி.எம்.சி. இருக்கும். அதற்கு மேலே உள்ள 20 அடிக்குள் மட்டும் இன்னொரு 28 டி.எம்.சி.க்கு மேல் அடங்கிவிடும். மேலே போகப் போகப் பள்ளத்தாக்கு அகன்று, தண்ணீர் பரந்து நிற்கிறது. அதனால்தான் 60 அடியிலிருந்து 70 அடிக்குச் சட்டென்று தாவும் நீர்மட்டம், 110-க்கு மேல் அங்குலம் அங்குலமாக ஏறுகிறது. நீர்வரத்தைக் கணக்கிடுவதற்கும் அணைகளில் ஒரு வழக்கமான முறை உண்டு. நேற்று இருந்த தண்ணீர், இன்று இருக்கும் தண்ணீர், இடையில் திறந்துவிட்ட தண்ணீர்: இந்த மூன்றையும் வைத்துக் கூட்டிக் கழித்தால் வந்தது எவ்வளவு என்று தெரிந்துவிடும். விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க வந்தால் ஒரு டி.எம்.சி. டீக்கடைப் பெஞ்சில் இந்தக் கணக்கைக் காகிதம் இல்லாமலே போடுவார்கள். “பதினோராயிரத்துச் சொச்சம் வருதுங்க. நாளைக்குள்ள ஒரு டி.எம்.சி. ஏறிக்கும்” என்று சொல்லிவிட்டு டம்ளரைக் கீழே வைப்பார்கள்.

பொதுப்பணித்துறையாக இருந்து இப்போது நீர்வளத்துறை ஆகிவிட்ட அலுவலகம் காலை எட்டு மணிக்கு எடுக்கிற இந்தக் கணக்கு, அணை கட்டியவர்களைப் பொறுத்தவரை தஞ்சை டெல்டாவுக்கானது. வழக்கப்படி ஜூன் 12-ஆம் தேதி அணையைத் திறக்க முடியுமா, குறுவைக்கு நாற்று விடலாமா, தண்ணீர் தை வரை தாங்குமா என்பதற்கெல்லாம் இதுதான் பதில். அதைக் கொண்டுசேர்க்க, அணை கட்டிய காலத்தில் அரசு அலுவலகங்களுக்கு இருந்த வேகமான வழி தந்தியும் தொலைபேசியும்தான். 1939-இல் திருச்சி வானொலி வந்தது. அந்த வானொலியைக் கேட்டு டெல்டா விவசாயிகள் ஏ.டி.டி. 27 நெல்லை நட்டு, அதற்கு ‘ரேடியோ நெல்லு’ என்றே பெயர் வைத்தார்கள் என்றால், அதன் பேச்சுக்கு எத்தனை மதிப்பிருந்தது என்று பாருங்கள். பிறகு நாளிதழ்களில் தினமும் ஒரு சின்னக் கட்டத்துக்குள் மேட்டூர் வந்தது. காலையில் பத்திரிகையை வாங்கினால் தலைப்பைப் பார்க்காமல் அந்தக் கட்டத்தைத் தேடும் மனிதர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் இந்த எண்ணுக்கு இன்னொரு பயணமும் இருந்தது. அது அரசு ஏடுகளில் இல்லை.

எங்கள் வீட்டில் பெரியப்பா பம்பாய்க்கு எழுதிய இன்லாண்ட் கடிதங்கள் சில மிஞ்சியிருக்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே அச்சு. முதலில் நலம், நலமறிய ஆவல். அடுத்து வீட்டில் யாருக்குக் காய்ச்சல், யாருக்குப் பெண் பார்த்தார்கள். மூன்றாவதாக ‘டேமில் இப்போது தண்ணீர் இத்தனை அடி’. ஒரு கடிதத்திலும் அது விட்டுப்போகவில்லை. கடிதம் பம்பாய் சேர்வதற்குள் நீர்மட்டம் மாறியிருக்கும். பதில் திரும்பி வருவதற்குள் இன்னும் மாறியிருக்கும். பெறுபவர் அதை வைத்து ஒன்றும் செய்யப்போவதில்லை. ஆனாலும் எழுதினார். டேம் ரொம்பியிருக்கிறது என்றால் ஊர் நன்றாக இருக்கிறது, நீ கவலைப்படாதே என்று பொருள். இறங்கிக்கொண்டே இருக்கிறது என்றால் கையில் காசு குறைகிறது, முடிந்தால் கொஞ்சம் அனுப்பு என்று பொருள். சொந்தக் கஷ்டத்தை நேராகச் சொல்லக் கூச்சப்படுகிற மனிதர்களுக்கு அந்த எண் கை கொடுத்தது.

மேட்டூரைப் போல ஆட்களைச் சேர்த்துவைத்துப் பிறகு கலைத்துப்போட்ட ஊர்கள் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. முதலில் கலைந்தவர்கள் அணைக்குள் மூழ்கிய ஊர்க்காரர்கள். தண்ணீர் தேங்கப் போகிறது என்று சொன்னதும் வீட்டையும் கோயிலையும் தேவாலயத்தையும் விட்டுவிட்டுக் கரையேறினார்கள். சிலர் கொளத்தூர்ப் பக்கம், சிலர் அக்கரையில் தருமபுரிப் பக்கம் என்று ஆளுக்கொரு திசையாய்ப் போனார்கள். பண்ணவாடியில் தண்ணீர் நன்றாக இறங்கும் கோடையில் பழைய தேவாலயத்தின் கோபுரம் தலைகாட்டும். இன்னும் இறங்கினால் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி வெளியே வரும்.

பிறகு ஆலைகள் வந்தன. அணை முடிந்த சில ஆண்டுகளிலேயே நீர்மின்சாரம், அந்த மின்சாரத்தை நம்பி ரசாயன ஆலை, பஞ்சாலை, 1960-களில் மால்கோ அலுமினிய ஆலை, 1980-களின் கடைசியில் அனல்மின் நிலையம். எல்லா மாவட்டத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். குவார்ட்டர்ஸில் ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் திருநெல்வேலிக் குடும்பம், அந்தப் பக்கம் வடாற்காட்டுக் குடும்பம், எதிரே பாலக்காட்டுக்காரர். பிள்ளைகள் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்து, ஒரே பூங்காவில் விளையாடி, ஆடிப்பெருக்கன்று அணைக்கட்டு முனியப்பன் கோயில் கூட்டத்தில் ஒன்றாகத் தொலைந்துபோய்க் கிடைத்தார்கள். பஞ்சாலை மூடியது. 2008-இல் மால்கோவின் உருக்கும் பிரிவு நின்றது. ஓய்வு பெற்றவர்கள் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுச் சொந்த ஊருக்குப் போனார்கள். சொந்த ஊர் என்று ஆவணத்தில் இருந்தது திருநெல்வேலி. ஆனால் பிள்ளைகளுக்குத் தெரிந்த ஒரே ஊர் மேட்டூர்.

அப்படிப் போனவர்கள் சில ஆண்டுகள் பொங்கல் வாழ்த்து அனுப்பினார்கள். மஞ்சள் பலகை போட்ட எஸ்.டி.டி. பூத்தில் மீட்டர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே பேசினார்கள். பிறகு முகவரி மாறியது, தொலைபேசி எண் மாறியது, தொடர்பு அறுந்தது. ஆர்குட்டில் சிலர் கிடைத்தார்கள். 2014-இல் அது மூடப்பட்டபோது, வேறு இடத்தில் பிடித்துவைத்துக்கொள்ளாதவர்களை மறுபடி இழந்தோம். ஃபேஸ்புக்கில் பள்ளிக்கூடத்தின் பெயரைப் போட்டுத் தேடினால் அன்றைக்கு மூன்றாம் பெஞ்சில் இருந்தவன் இன்றைக்கு வழுக்கைத் தலையோடு சிரிப்பான்.

அணை எண்ணின் வாழ்க்கை உண்மையிலேயே மாறியது 2016 செப்டம்பருக்குப் பிறகு. ஜியோ வந்து இணையம் மலிவானது. அதுவரை மிஸ்டு கால் கொடுத்துக் காத்திருந்த வீடுகளில் திரை அகன்ற கைபேசி வந்தது. 2009-இல் அமெரிக்காவில் பிறந்த வாட்ஸ்அப் எங்கள் ஊரில் கைவண்டிக்காரர் வரை வந்துசேர்ந்தது அந்த ஓரிரு ஆண்டுகளில்தான். ஒன்பது மணிக்குள் அணை நிலவரம் எல்லார் கைக்கும் போவது அதிலிருந்து வழக்கமானது. செய்தியாளர் குழுவில் ஒருமுறை விழும். அங்கிருந்து ஊர்க் குழு. ஊர்க் குழுவிலிருந்து குடும்பக் குழு. அங்கிருந்து துபாய், சிங்கப்பூர், நியூ ஜெர்சி. அணையிலிருந்து திறந்துவிடும் தண்ணீர் கல்லணைக்குப் போய்ச் சேர மூன்று நாளாவது ஆகும். அந்தத் தண்ணீரைப் பற்றிய எண், மதகைத் தாண்டுவதற்கு முன்பே உலகைச் சுற்றிவிடுகிறது.

போகும் வழியெல்லாம் அதே செய்திதான். ஆனால் ஒவ்வொருவர் கண்ணும் ஒவ்வொரு வரியில் நிற்கிறது. இதை நான் மெதுவாகத்தான் கவனித்தேன்.

பண்ணவாடியிலும் கோட்டையூரிலும் பரிசல் ஓட்டுபவருக்கு முதல் வரி போதும். நீர்மட்டம் இறங்கினால் துறை தள்ளிப்போகும். அக்கரை நாகமரைக்கோ ஒட்டனூருக்கோ போகிறவர்கள் காய்ந்த சேற்றில் வெகுதூரம் நடக்க வேண்டும். அதே இறக்கத்தில் தேக்கத்தின் ஓரத்து வண்டலில் எள்ளோ, ராகியோ, சோளமோ விதைத்தவருக்கு முதல் வரி ஏறாமல் இருந்தால் நல்லது. டெல்டாக்காரர் இரண்டாம் வரியைப் பார்ப்பார். எத்தனை டி.எம்.சி. என்று தெரிந்தால் எத்தனை நாள் தாங்கும் என்று அவரே சொல்லிவிடுவார். 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து ஜூன் 12-இல் அணை திறக்க முடியாமல் போனது. அந்த ஆண்டுகளில் அந்த வரியை எத்தனை பேர் எத்தனை ஏக்கத்தோடு பார்த்திருப்பார்கள். 2020-இல்தான் மறுபடி குறித்த நாளில் திறந்தது.

குமாரபாளையம், பள்ளிபாளையத்தில் ஆற்றோரத் தெருக்களில் குடியிருப்பவர்களுக்கு முதல் மூன்று வரியும் வேண்டாம். நேராகக் கடைசி வரிக்குப் போவார்கள்: வெளியேற்றம். அது லட்சத்தைத் தாண்டினால் சாமான்களை மேலே ஏற்றத் தொடங்க வேண்டும். தறிக்கும் பாவுக்கும் முதலில் இடம் பார்ப்பார்கள், பிறகுதான் மற்றதெல்லாம்.

ஊரை விட்டுப் போனவர் எந்த வரியையும் ஊன்றிப் படிப்பதில்லை. மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, “ஊர்ல மழையா?” என்று கேட்பார். மழை பெய்தது குடகிலும் வயநாட்டிலும். மேட்டூரில் வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும். அவருக்கும் அது தெரியும். பேச்சைத் தொடங்க ஒரு கேள்வி வேண்டும், அவ்வளவுதான். அந்தக் கேள்வியைக் கொண்டுபோய்க் கொடுத்தது இந்த எண்.

2024 ஜூலை மாதத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. அந்த ஆண்டு ஜூன் 12-இல் திறக்கத் தண்ணீர் இல்லை. ஜூலை முதல் பாதியில் நீர்மட்டம் 40 அடியை ஒட்டிக் கிடந்தது. குழுக்களில் அந்த எண்ணை அனுப்புபவர்கூடச் சலித்துப்போயிருந்தார். பிறகு கர்நாடகத்தில் மழை வலுத்தது. கபினி நிரம்பியது, கிருஷ்ணராஜ சாகர் நிரம்பியது, எல்லையில் பிலிகுண்டுலுவில் வரத்து கூடியது. நாளுக்கு ஐந்தாறு அடி ஏறத் தொடங்கியது அணை. காலை எட்டு மணிக்கு ஒருமுறை வந்த செய்தி, மாலை நாலு மணிக்கு ஒருமுறை, பிறகு ராத்திரிக்கு ஒருமுறை என்றானது. பல ஆண்டாகக் குழுவில் வாயே திறக்காதவர்கள் பேசினார்கள். கனடாவில் நடுராத்திரியில் ஒருவர் ‘இப்ப எத்தனை?’ என்றார். பதில் சொன்னது சேலத்தில் இருக்கும் அவருடைய பழைய வகுப்புத் தோழி; இருவரும் பள்ளிக்கூடத்தில் ஒரு வார்த்தை பேசியதில்லையாம். ஜூலை 28-இல் டெல்டாவுக்குத் தண்ணீர் திறந்தார்கள். 30-ஆம் தேதி மாலை 120 அடி. பதினாறு கண் மதகில் நுரை பொங்கும் படம் எல்லாக் குழுவிலும் ஒரே நேரத்தில் விழுந்தது.

அதே 30-ஆம் தேதி விடிகாலையில்தான் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை ஊர்கள் நிலச்சரிவில் போயின. கபினி பிறக்கும் மாவட்டம் அது. எங்கள் குழுவில் மதகுப் படத்துக்கு மேலே ஒருவர் அந்தச் செய்தியையும் போட்டிருந்தார். கொஞ்ச நேரம் யாரும் எதுவும் எழுதவில்லை. பிறகு குவார்ட்டர்ஸில் எங்களோடு வளர்ந்த கேரளக் குடும்பம் ஒன்றின் பெயரைச் சொல்லி, அவர்கள் எந்தப் பக்கம், யாரிடம் எண் இருக்கிறது என்று ஒருவர் கேட்டார். ஒரு மணி நேரத்துக்குள், மூன்று பேர் கை மாறி, அவர்கள் நலம் என்று பதில் வந்தது. இந்தக் குழுக்களால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது அந்த ஒரு மணி நேரத்தைத்தான்.

கைமாறிக்கொண்டே போகிற எண் வழியில் சிலவற்றை இழக்கிறது. முதலில் உதிர்வது தேதி. யாரோ ஒருவர் அழகுக்காக மேல் வரியை வெட்டிவிட்டு அனுப்புகிறார். படமோ காணொளியோ என்றால் இன்னும் மோசம். வாட்ஸ்அப் படத்தை அனுப்பும்போது அளவைச் சுருக்குகிறது. எடுத்த நாள், இடம் பற்றிக் கேமரா பதிந்துவைத்த குறிப்பும் போய்விடுகிறது. 2018 ஆகஸ்டில் எடுத்த மதகுக் காணொளியை இன்றைக்கு எடுத்தது என்று அனுப்பினால் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. காவிரி எந்த ஆண்டும் ஒரே நிறம்தான். பள்ளிபாளையத்தில் ஆற்றோரம் வீடு உள்ள எங்கள் அத்தை, இப்படி ஒரு பழைய காணொளியை நம்பி, ராத்திரியோடு ராத்திரியாகச் சாமான்களைத் தூக்கிக்கொண்டு மகள் வீட்டுக்குப் போனார். அன்றைக்கு ஆற்றில் முழங்கால் அளவுதான். அதைவிட எனக்குப் பயமாக இருப்பது அடுத்து நடந்தது. பிறகொரு ஆண்டு ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வருவாய்த்துறையினர் தெருத்தெருவாய் வந்து வெளியேறச் சொன்னபோது, “இப்படித்தான் போன தடவையும் சொன்னாங்க” என்று அவர் அசையவில்லை. தண்ணீர் திண்ணையைத் தொட்ட பிறகுதான் கிளம்பினார்.

வாட்ஸ்அப் வதந்தியை நம்பி நாட்டின் பல இடங்களில் அப்பாவிகளை அடித்தே கொன்ற 2018-க்குப் பிறகு அந்த நிறுவனம் சில கட்டுப்பாடுகளைக் கொண்டுவந்தது. பகிர்ந்து வந்த செய்திக்கு அம்புக்குறி. ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் பகிர முடியாது என்ற வரம்பு, முதலில் இந்தியாவில். பலமுறை கைமாறி வந்ததற்கு இரட்டை அம்புக்குறி. 2020-இலிருந்து அப்படிப்பட்டதை ஒருமுறைக்கு ஓர் இடத்துக்குத்தான் அனுப்பலாம். இந்த அம்புக்குறியை நம் வீட்டுப் பெரியவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இரட்டை அம்பு இருந்தால் அது நம் பிள்ளை எடுத்த படம் இல்லை என்று சொல்ல ஒரு நிமிடம் போதும்.

இனி இந்த எண் போய்ச் சேரும் இடங்களில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்றைச் சொல்கிறேன். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுக்க ஆழ்துளைக் கிணறு தோண்டுகின்றன. ஆப்பிரிக்க நாடுகளுக்கும் போகின்றன. சேலம், நாமக்கல் மாவட்டங்களிலிருந்து போகும் இளைஞர்கள் மாதக்கணக்கில் வீட்டுக்கு வருவதில்லை. எங்கள் சித்தி மகன் அப்படிச் சத்தீஸ்கரில் வண்டியோடு இருக்கிறான். சித்திக்கு எழுதத் தெரியாது. வாட்ஸ்அப்பில் 2013-இல் வந்த குரல்பதிவு வசதி அவருக்காகவே வந்ததுபோல ஆகிவிட்டது. எட்டு மணி நிலவரத்தைப் பக்கத்து வீட்டுப் பெண்ணைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டு, கைபேசியை வாய்க்கு ரொம்பக் கிட்டத்தில் பிடித்துப் பேசுவார்:

“கண்ணு, டேம்ல தொண்ணூத்தாறு அடி நிக்குதாமா. சாப்பிட்டியா?”

சிக்னல் கிடைக்கும்போது, பெரும்பாலும் ராத்திரியில், பதில் வரும். பின்னால் கம்ப்ரசர் இரைந்துகொண்டிருக்கும். அவன் கத்திப் பேசுவான்:

“சாப்பிட்டேம்மா. இங்க முந்நூத்தி இருவது அடில தண்ணி வந்துருச்சு. நீ மாத்திர போட்டுக்கோ.”

அம்மா மேலே நிற்கும் தண்ணீரை அடியில் சொல்கிறார். மகன் கீழே கிடைத்த தண்ணீரை அடியில் சொல்கிறான். இருவரும் அந்த இரண்டு எண்ணையும் கேட்டுவிட்டுத்தான் தூங்குகிறார்கள். சித்தி தன் மகன் அனுப்பிய பதிவுகளில் ஒன்றையும் அழிக்க விடுவதில்லை. கைபேசியில் இடம் நிறைந்துவிட்டது என்று திரையில் வரும்போதெல்லாம், அழிப்பதற்குக் குட்மார்னிங் படங்களைத்தான் தேடி எடுத்துக்கொடுக்க வேண்டும்.

ஐக்கிய அரபு அமீரகத்தில் நெடுங்காலமாக வாட்ஸ்அப்பில் நேரடிக் குரல் அழைப்புக்கு அனுமதி இல்லை. செய்தி போகும், படம் போகும், பதிவு செய்த குரல் போகும். அதனால் அங்கே வேலைக்குப் போனவர்களின் வீட்டிலும் இப்படி விட்டுவிட்டுத்தான் பேச்சு நடக்கிறது. கேள்வி காலையில், பதில் மதியச் சாப்பாட்டு நேரத்தில். ஒருவகையில் அது பழைய கடிதத்துக்குக் கிட்டத்தில் இருக்கிறது. பேசி முடித்த பிறகும் எடுத்துத் திரும்பக் கேட்கலாம்.

இவ்வளவு சொன்ன பிறகு என் மனக்குறையையும் சொல்லியாக வேண்டும். சித்தி வீட்டில் நடப்பது எல்லாக் குழுவிலும் நடப்பதில்லை. பெரும்பாலான குழுக்களில் எட்டு மணி நிலவரம் விழுகிறது, கீழே கட்டைவிரல்கள் நாலைந்து விழுகின்றன, பிறகு யாரோ ஒரு சாமி படம், மருத்துவக் குறிப்பு, அரசியல் சண்டை. அனுப்பியவர் பேசிவிட்டதாக நினைக்கிறார். பார்த்தவர் விசாரித்துவிட்டதாக நினைக்கிறார். ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களின் குழு ஒன்றில் ஒரு பெரியவர் தினமும் தவறாமல் அணை நிலவரம் போட்டுக்கொண்டிருந்தார். ஒருநாள் நின்றுபோனது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. வேறொருவர் போடத் தொடங்கிவிட்டார். அவர் சேலத்தில் ஆஸ்பத்திரியில் இருந்தார் என்று வெகுநாள் கழித்துத்தான் குழுவுக்குத் தெரிந்தது. தினம் அணையின் நலத்தைச் சொல்லிக்கொண்டிருந்த மனிதரின் நலத்தை நூற்றுக்கணக்கானோர் இருந்த குழுவில் ஒருவரும் விசாரிக்கவில்லை. அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

பெரியப்பாவின் கடிதத்தில் அணை நீர்மட்டம் மூன்றாவது வரிதான். முதல் இரண்டு வரி இருந்ததால்தான் மூன்றாவதற்கு அர்த்தம் இருந்தது. வாட்ஸ்அப்பில் முதல் இரண்டு வரியை விட்டுவிட்டு மூன்றாவதை மட்டும் அனுப்பிக்கொண்டிருக்கிறோம். குறை தொழில்நுட்பத்தில் இல்லை. கடிதத்தைவிட, தந்தியைவிட, பூத்தைவிட நல்ல வழி நம் கையில் இருக்கிறது. சித்தியின் கையில் அது எவ்வளவு அழகாக வேலை செய்கிறது என்று பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன்.

ஆகவே மேட்டூர்க்காரர்களுக்கும், மேட்டூரை விட்டுப் போனவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அணை நிலவரத்தை அனுப்புங்கள், நிறுத்திவிடாதீர்கள். ஆனால் தேதியையும் நேரத்தையும் வெட்டாதீர்கள்; ஆற்றோரத்தில் குடியிருப்பவர்கள் அதை வைத்துத்தான் முடிவெடுக்கிறார்கள். படம் நீங்கள் எடுத்ததென்றால் என்றைக்கு எடுத்தது என்று எழுதுங்கள். யாரோ அனுப்பியதென்றால் அதையும் சொல்லுங்கள். குழுவில் போட்ட பிறகு, ஒருவருக்காவது தனியாக அனுப்பி, உறவுமுறை சொல்லிக் கூப்பிட்டு, கீழே ஒரு வரி சொந்தமாக எழுதுங்கள். எழுதத் தெரியாவிட்டால் பேசி அனுப்புங்கள். தினமும் அனுப்புகிறவர் ஒருநாள் அனுப்பவில்லையென்றால், அன்றைக்கே அவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.